ஆவூர்ப் படத்தின் மங்காத கண்கள்

பிறப்பில்லாத பெருமானே, பிறந்த உயிர்களுக்கெல்லாம் தாயானவளை இடப்பாகத்தில் வைத்தவனே, நின் திருவடி முன்னே செல்லட்டும். அடியேன் சொல் அதன் பின்னே வரட்டும்.

இதனை எழுத அமர்ந்த இன்று கார்த்திகைச் சோமவாரம். விடியலில் சங்காபிஷேகம் கண்டு, நெற்றி நீறு உலரும் முன்பே தாளை எடுத்தேன். நல்ல நாளில் இப்படியொரு செய்தியை எழுதலாமா என்று சற்றே தயங்கினேன். சுடுகாட்டை அரங்காகக் கொண்டு ஆடுகிறவனுக்கு உகந்த நாளில் இதை எழுதாமல் வேறு எந்நாளில் எழுதுவது?

பெயரைப் படித்தபோது

சென்ற ஐப்பசியில் ஒரு பிற்பகல். அடைமழை. மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

திலகவதி அம்மையார் உறையிலிருந்து ஒரு பழைய நிழற்படத்தை எடுத்தார். முகம் மேசையை நோக்கிக் கவிழ்ந்திருந்தது. அதன் முதுகில் பென்சிலால் எழுதியிருந்ததைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அந்தோணியம்மாள், ஆவூர்."

"ம்" என்று பதில் வந்தது.

பதில் சொன்னவர் எங்கள் எதிரே அமர்ந்திருந்தார். அறுபதைக் கடந்த பெண்மணி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை. ஆவூர்க்காரர். அவர் பெயரும் அந்தோணியம்மாள்தான். தம் பெயர் காதில் விழுந்தால் வாய் தானாக ஒலி கொடுப்பது இயல்பு. நடந்தது அவ்வளவுதான். ஆயினும் கவிழ்ந்து கிடந்த அந்தப் படத்தின் மேல் அவர் குரல் விழுந்தபோது படமே குரல் கொடுத்ததாக எனக்குத் தோன்றியது.

படம் திரும்புவதற்கு முன், நாங்கள் மூவரும் அந்த மேசைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாடியில் ஒரு கூடம்

திலகவதி அம்மையார் புதுக்கோட்டையில் கல்லூரியொன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். தம் வீட்டு மாடியைப் பழைய படங்களுக்கும் கடிதங்களுக்கும் ஒதுக்கிவிட்டார். மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பெட்டிகளை வாரிசுகள் பழைய இரும்புக் கடைக்குப் போடப்போன சமயம், வழியிலேயே நிறுத்தி வாங்கி வந்தாராம். அன்று தொடங்கியது. பிறகு ஊர்க்காரர்கள் வீடு மாற்றும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பரணில் கிடந்த கடிதக் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கலாயினர்.

எனக்கு ஊர் கீரனூர். பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் புதுக்கோட்டை. வாரத்தில் ஓரிரு நாள் அங்கே போவேன். பழைய கையெழுத்தைப் படிப்பது என் வேலை. புள்ளியில்லாத மெய்யும், மூச்சுவிடாத வாக்கியமும், ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதிய பின்குறிப்புமாக இருக்கும் அக்கடிதங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் படத்துக்கும் ஒரு சிறு விவரக் குறிப்பு எழுதித் தருவேன்.

"ஐயா, ரெண்டு வரி போதும்னு சொன்னேன். நீங்க ஒண்ணொண்ணுக்கும் தலபுராணம் எழுதித் தர்றீங்க" என்பார் அம்மையார். அவர் கேலி எனக்குப் பழகிவிட்டது.

அந்துருண்டை வாசமும் பழந்தாளின் புளிப்பும் கலந்த கூடம் அது. சுவரெங்கும் அடுக்குகள். வெயில் நாளிலும் அங்கே தரை காலுக்குச் சில்லிட்டிருக்கும்.

எனக்கு மனத்துக்குள் படிக்க வராது. சிறுவயது முதல் பதிகம் ஓதிய நாவு. எழுத்தைக் கண்டால் குரல் எழும்பிவிடும். ஆகவே கடிதங்களையும் வாய்விட்டே படிப்பேன்.

அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பெண் கொழும்பிலிருந்த தன் கணவனுக்கு எழுதிய கட்டு ஒன்று. அவன் எழுதிய பதில் ஒன்றும் எங்களிடம் இல்லை. "பின்கட்டுக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறேன்" என்று கடிதந்தோறும் முடிப்பாள். பல நாள் அதைப் படித்தேன். ஒருநாள் என் வீட்டில் இரவு கதவைத் தாழிடக் கை வைத்தேன், கை தயங்கியது. யாருடைய தயக்கம் அது? அம்பலவாணன் பெயரைச் சொல்லித் தாழிட்டுவிட்டுப் படுத்தேன்.

வாங்க ஆள் வராத படங்கள்

ஸ்டூடியோப் பெட்டிகளில் ஒன்றின் மேல் "வாங்க வராதவை" என்று எழுதியிருந்தது. படம் எடுத்துக்கொண்டு, பிறகு வாங்கிப்போக வராதவர்களின் படங்கள். திருமணக் கோலத்தில் இருவர். பட்டாளச் சட்டையில் ஓர் இளைஞர். ஒரே மாதிரி உடுத்திய அக்காள் தங்கையர். ஏன் வரவில்லை என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு முகமும் யாரையோ எதிர்பார்ப்பதுபோல் இருக்கும். அந்தப் பெட்டியை மாத்திரம் நான் முற்பகலில்தான் திறப்பேன்.

அதிலிருந்த ஓர் உறையின் மேல் "ஆவூர் சூசை" என்று வாடிக்கையாளர் பெயர். உள்ளே ஒரே படம். நாற்காலியில் ஓர் இளம்பெண். அவள் முன்னே ஒரு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை, வெண்பட்டுக் கவுன் உடுத்தி, தலையில் காகிதப் பூக்களால் ஆன முடி சூடி இருந்தது. படத்தின் முதுகில் அந்தோணியம்மாள் என்ற பெயர்.

வெள்ளை உடுப்பு, பூமுடி, புதுப்பெயர். "ஆவூர் அந்தோணியம்மாள், ஞானஸ்நான நாளில் தாய் மடியில்" என்று குறிப்பெழுதினேன். திலகவதி அம்மையாருக்கும் அதில் ஐயம் எழவில்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. படம் முழுவதும் பழுப்பேறி மங்கிவிட்டது. தாயின் முகம், நாற்காலியின் கொத்துவேலை, பின்னால் தொங்கிய திரை, எல்லாமே நீரில் கரைந்தாற்போல் இருந்தன. குழந்தையின் கண்கள் மட்டும் மங்கவில்லை. நேற்று விழித்தவைபோல் கன்னங்கரேலென்று இருந்தன. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவை என்னையே பார்த்தன. வேலை முடித்து எழும்போது அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எழுவேன்.

அவர் வந்த காரணம்

படங்களை வெளியிடுவதில்லை என்பது அம்மையாரின் கட்டுப்பாடு. உரியவர் பார்க்கும் முன் ஊர் பார்க்கலாகாது என்பார். குறிப்புகளை மட்டும் அந்தந்த ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவார். ஆவூருக்குப் போன குறிப்பை யாரோ அந்தோணியம்மாளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் மழையையும் பாராமல் பஸ் மாறி வந்துவிட்டார்.

கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று ஆவூர்க்காரர்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலையிட்டு, மெழுகுத்திரி ஏற்றுவார்கள். சவுதியில் வேலை பார்க்கும் அவர் மகன், பாட்டியின் கல்லறைக்கு முகம் பொறித்த கருங்கல் பதிக்க ஏற்பாடு செய்திருந்தான். முகத்துக்கு எங்கே போவது? வீட்டில் ஒரு படமும் கிடையாது.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின், புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி, தாம் உண்மையில் எதற்காக வந்தார் என்பதைச் சொன்னார்.

"எங்கம்மா பேரு மரியபுஷ்பம். என்னயப் பெத்துக் கீழ போட்ட ஒடனே கண்ண மூடிட்டாங்கன்னு சொல்லுவாங்க. ஒரு தடவகூட என்னயப் பார்க்கலையாம். வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து, எவகூட சண்டை வந்தாலும் கடைசியில அதத்தான் சொல்லுவாளுக, தாயத் தின்னுட்டுப் பொறந்தவன்னு. போன மாசம் என் மருமகளும் சொல்லிட்டா."

தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார்.

"எனக்கு ஞானஸ்நானம் குடுக்கையில மடியில வச்சிருந்தாங்கன்னு நீங்க எழுதியிருக்கீங்களே. அப்ப நான் தின்னலன்னுதானங்க அர்த்தம்?"

திலகவதி அம்மையார் உறையை எடுத்தார். பெயரைப் படித்தார். 'ம்' என்ற அந்த ஒலி பிறந்தது.

படம் திரும்பியது

படத்தைத் திருப்பி அவர் முன் வைத்தார் அம்மையார்.

அந்தோணியம்மாள் முதலில் தாயின் முகத்தைத்தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எம்மக மாதிரியே இருக்காங்க" என்றார். பிறகு திருத்திக்கொண்டு, "எம்மகதான் இவங்க மாதிரி இருக்கா" என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தொடலாமா என்று கண்ணால் கேட்டு, தாயின் கன்னத்தில் விரல் நுனியை வைத்தார்.

அந்த விரல் மெல்லக் கீழிறங்கிக் குழந்தையிடம் வந்தது. பூமுடியின் மேல் நின்றுவிட்டது.

"இத ஞானஸ்நானம்னு எழுதினது யாருங்க?"

நான்தான் என்றேன். வெள்ளை உடுப்பையும் முடியையும் வைத்து எழுதியதாகச் சொன்னேன்.

"ஐயா, ஞானஸ்நானத்துக்கு நாங்க முடி வைக்க மாட்டோம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "இது சம்மனசுக்கு வைக்கிற முடி. பச்சப்புள்ள செத்தா நேரா சம்மனசாப் போயிரும். அதனால அழக்கூடாதும்பாங்க. வெள்ளை உடுத்தி, காகிதப்பூவுல முடி கட்டி வச்சுத்தான் அடக்கம் பண்ணுவோம். நானே எத்தன புள்ளைக்குக் கட்டிக் குடுத்திருக்கேன்."

சம்மனசு என்பது அவர்கள் வழக்கில் வானதூதரைக் குறிக்கும் சொல். எங்கள் பக்கத்தில் பால்மணம் மாறாத குழந்தை போய்விட்டால், படமுமில்லை பறையுமில்லை. சத்தமின்றி மண்ணில் வைத்துவிட்டு, அந்தப் பேச்சையே விட்டுவிடுவோம். இறந்த குழந்தைக்கு முடி சூட்டுவார்கள் என்பது என் எண்ணத்தின் எல்லைக்குள்ளேயே வரவில்லை.

அப்போதுதான் என் தந்தையாரின் சிற்றப்பா நினைவுக்கு வந்தார்.

எங்கள் வீட்டுப் பூசையறைக்கு வெளியே அவர் படம் தொங்கும். நாற்காலியில் நிமிர்ந்து, நெற்றி நிறைய நீறணிந்து அமர்ந்திருப்பார். சுற்றிலும் குடும்பம். அந்நாளைய காமிரா முன் வெகுநேரம் அசையாமல் நிற்க வேண்டும். உயிருள்ளவர்கள் மூச்சு விட்டார்கள், இமைத்தார்கள். ஆகவே கொஞ்சம் கொஞ்சம் மங்கிப் போனார்கள். அவர் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தார். அவர் அன்று விடியலிலேயே சிவபதம் அடைந்துவிட்டார். உயிரோடிருந்த காலத்தில் படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று மறுத்தவராம். மூடிய இமைகளின் மேல் ஸ்டூடியோக்காரர் கண் வரைந்து கொடுத்தார். அந்தக் கண்களின் கீழ் உட்கார்ந்துதான் நான் பதிகம் மனப்பாடம் செய்தேன். பிழையாகச் சொன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று அஞ்சினேன்.

நான் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் குழந்தையின் முகத்தின் மேல் பிடித்தேன். கறுப்பு மையில் மயிரிழைத் தூரிகைக் கோடுகள் தெரிந்தன. மையின் அடியில், மிக மெல்லியதாக, மூடிய இமையின் வளைவு.

திலகவதி அம்மையார் படத்தைப் புரட்டினார். முதுகில் அதே பெயர். மீண்டும் திருப்பினார். மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"பின்னால என் பேரு இருக்கு. முன்னால செத்த புள்ள இருக்கு" என்றார் அந்தோணியம்மாள். "அப்ப நான் யாருங்க?"

நான் உருப்பெருக்கியைக் கீழே வைத்தேன்.

இரண்டாம் அந்தோணியம்மாள்

விடையை அவரேதான் தேடி எடுத்தார். எங்களோடு பேசுவதுபோல் இல்லை. இருட்டில் சுவரைத் தடவி நடப்பவர்போல் சொல்லிக்கொண்டு போனார்.

போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். புனித அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட பெயரென்றால் விடவே மாட்டார்கள். தமக்கு முன் ஒருத்தி இருந்தாள் என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தாய் இல்லை. தகப்பனார் சூசை பேசாத மனிதர்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லங்க. 'ஏ புள்ள'தான். என் கல்யாணத்துல சாமியார் பேரைச் சொல்லையில எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. என்மேல வெறுப்புன்னு நெனச்சேன்."

சூசை அந்தப் படத்தை வாங்க வராமல் போனதற்கும், அந்தப் பெயரைச் சொல்ல முடியாத அதே துயரந்தான் காரணமோ? யாம் அறியோம். பெண்ணைப் புதைத்து, மனைவியையும் புதைத்த மனிதர், புதுக்கோட்டைக்கு வந்து வரைந்த கண்களோடு அவர்களை வாங்கிப்போக மனம் வராமல் விட்டிருக்கலாம்.

அந்தோணியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க. சொன்னவளுக சொன்னது சரியாத்தான் இருக்கு. என்னய அவங்க தூக்கவும் இல்ல, பார்க்கவும் இல்ல. முகத்த மட்டும் வெட்டிக் குடுங்க, கல்லுக்கு."

திரையில் கண்டது

திலகவதி அம்மையார் படத்தை ஸ்கேனரில் வைத்தார். கணினித் திரையில் அது பெரிதாக எழுந்தது. குழந்தையின் கண்கள் ஒரு சாண் அகலத்துக்கு விரிந்து எங்கள் மூவரையும் பார்த்தன. அம்மையார் அவசரமாகப் படத்தைக் கீழே இழுத்தார், தாயின் முகத்தைக் கொண்டுவர. கை தவறி அது மேலே ஓடி, புடவை மடிப்புகளில் வந்து நின்றது.

"இருங்க" என்றார் அந்தோணியம்மாள்.

எழுந்து திரைக்கு அருகே போனார்.

"புள்ளைய ஏன் முட்டியில வச்சிருக்காங்க? மடியில வைக்க வேண்டியதுதான?"

நாங்கள் பார்த்தோம். குழந்தை உண்மையில் முழங்காலின் விளிம்பில்தான் இருந்தது. தாயின் வலக்கை நீண்டு வந்து அதைச் சாயாமல் பிடித்திருந்தது.

"மடி இல்லங்க. வயிறு மறைக்குது. மாசமா இருக்காங்க."

மங்கிய பழுப்பில் அதுவரை புடவைச் சுருக்கம் என்று நான் கருதியிருந்த இடம், அவர் சொன்னதும் வேறாகத் தெரிந்தது. பல நாள் உருப்பெருக்கியில் பார்த்த படம். ஒவ்வொரு முறையும் அந்தக் கண்கள் என்னைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. வேறெங்கும் பார்க்க விடவில்லை.

"இந்தக் கை எங்கங்க?" என்று தாயின் இடத்தோளைக் காட்டினார். தோளிலிருந்து இறங்கிய கை முந்தானைக்குள் போய் மறைந்திருந்தது. "நானும் ரெண்டு பெத்தவதான். செத்த வீட்ல உக்காந்திருக்கையில அந்தக் கை எங்கிட்டுப் போகும்னு எனக்குத் தெரியும்."

படத்துக்குள் இதுவரை ஒளிந்திருந்த ஒருவர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையின் முன் நரைத்த தலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"செத்தவளுக்கு ஒரு கை. எனக்கு ஒரு கை" என்றார் அவர், மெதுவாக. "என்னயப் பார்க்கல, சரி. தொட்டுக்கிட்டுத்தான இருந்திருக்காங்க."

பிறகு திலகவதி அம்மையாரை நோக்கித் திரும்பினார்.

"வெட்டாதீங்கம்மா. முழுசாக் குடுங்க."

கல்லில் செத்த குழந்தையின் பெயரும் ஏறினால், தம் பெயரையே கல்லறையில் படிக்க வேண்டி வருமே, அது மனத்துக்குக் கஷ்டமாக இருக்காதா என்று அம்மையார் தயங்கிக் கேட்டார்.

"அதனால என்னம்மா? நான் போகையில எனக்குத் தனியாப் பேரு அடிக்க வேண்டியதில்லன்னு மகங்கிட்ட சொல்லிருவேன். இப்படியாச்சும் அக்கா தங்கச்சி ஒண்ணா இருக்கட்டும்" என்றார். அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் படியிறங்கிப் போனபின், நான் என் பழைய குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அம்மையார் விரும்பியபடி இரண்டே வரி. ஆவூர் மரியபுஷ்பம், அவர் மக்கள் இருவர். படத்தில் உள்ளோர் மூவர்.

கல்லறைத் திருநாளன்று மாலை அந்தோணியம்மாளின் மருமகள் தம் போனிலிருந்து அம்மையாருக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கருங்கல்லில் மூவரும் இருந்தார்கள். மெழுகுத்திரி வெளிச்சத்தில் குழந்தையின் கண்களே முதலில் தெரிந்தன. அவற்றைக் கண்டு நான் இம்முறை பார்வையை விலக்கவில்லை. கல்லின் முன்னே முழங்காலிட்டிருந்த அந்தோணியம்மாள், தாயின் முந்தானை மறைத்த இடத்தில் தம் உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தார்.

இதனைப் படிக்கும் நீங்கள் பெற்றவள் முகம் கண்டவராயினும் காணாதவராயினும், உலகம் உங்களைக் காணும் முன்னே இருளில் உங்களைத் தொட்டிருந்த கை ஒன்று உண்டு. தாயுமாகிய எம்பெருமான் அக்கையின் வெம்மையை உங்கள் ஆயுள் முழுதும் உங்களுடன் இருத்துவானாக. உங்கள் இல்லத்தில் இருப்போரும் மறைந்தோரும் இனிதே இளைப்பாறுவாராக.